கார்த்தஹேனாவில் நான்கு நாள்: கேட்காமல் விட்ட விலைகள்

கொலம்பியாவின் கரீபியக் கரையில் இருக்கும் கார்த்தஹேனாவுக்கு ஜனவரியில் நான்கு இரவு தங்கலாகத் தனியாகப் போய்வந்தேன். நியூஜெர்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஐந்து மணி நேர விமானத் தூரத்தில் முப்பது டிகிரி வெயில், பழைய கோட்டை மதில், கடல். பத்தே நாளில் முடிவெடுத்துக் கிளம்பிவிட்டேன். ஊர் என்னை ஏமாற்றவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் போட்ட கணக்குக்கு மேல் 600 டாலருக்குப் பக்கமாகக் கையைவிட்டுப் போனது. அதில் பாதிக்கு மேல் ஊர் திரும்பிய பிறகு, ஒரே ஒரு விஷயம் தெரியாததால் போனது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதுவரை படித்துவிடுங்கள். கத்தி, கொள்ளை என்று பயந்துகொண்டு போன எதுவும் நடக்கவில்லை. விலை கேட்கக் கூச்சப்பட்ட இடங்களில்தான் பணம் போனது.

முதலில் காகிதங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கொலம்பியா விசா வேண்டும். ஆனால் கையில் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்து, கொலம்பியாவில் இறங்கும் நாளில் அதற்கு இன்னும் குறைந்தது 180 நாள் செல்லுபடி மிச்சம் இருந்தால், தனி விசா இல்லாமல் சுற்றுலாவுக்குப் போகலாம். கிரீன் கார்டு போன்ற வதிவிட அனுமதி இருந்தாலும் சரி. இந்த 180 நாள் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். விசா இன்னும் காலாவதி ஆகவில்லையே என்று நினைத்துப் போனால், விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், டிக்கெட் பணமும் போகும். எனக்கு ஏழு மாதம் மிச்சம் இருந்தது, அது முழுக்க அதிர்ஷ்டம். நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. எச்1பியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் காலாவதியாகி, ஐ-797 என்கிற ஒப்புதல் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ சில நாள் போய்த் திரும்பும் சலுகை இருக்கிறதே, அது கொலம்பியாவுக்குக் கிடையாது. திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'செக்-மிக்' என்கிற குடிவரவு முன்பதிவுப் படிவம். விமானம் கிளம்புவதற்கு 72 மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் முன்புவரை இணையத்தில் நிரப்ப வேண்டும். பத்து நிமிட வேலை, முழுக்க இலவசம். நான் அவசரத்தில் தேடுபொறியில் முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். கொலம்பியக் கொடி, பாஸ்போர்ட் படம் எல்லாம் அரசாங்கத் தளம் மாதிரியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் 49 டாலர் 'செயலாக்கக் கட்டணம்' கேட்டது, கட்டினேன். கட்டிய பிறகுதான் ஒரு இடைத்தரகர் தளம் என்று புரிந்தது. உண்மையான தளம் கொலம்பியக் குடிவரவுத் துறையுடையது, முகவரி 'டாட் ஜிஓவி டாட் சிஓ' என்று முடியும். காசு கேட்டால் அது அரசாங்கம் அல்ல. திரும்பும்போதும் இதே படிவத்தை 'வெளியேறுதல்' என்று போட்டு இன்னொருமுறை நிரப்ப வேண்டும். பலர் மறந்துவிட்டு விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு போனில் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். அக்டோபர்தான் மழை அதிகம். அப்போது தெருக்களில், முக்கியமாகக் கடலை ஒட்டிய பொக்காகிராந்தே பகுதியில், கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கும் என்பதை எந்தச் சுற்றுலாப் பக்கமும் எனக்குச் சொல்லவில்லை. மதில்மேல் நிற்க அது சுகமான காற்று. தீவுக்குப் படகில் போகிறவருக்கு அதே காற்று எமன். கடல் மோசமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான்கு நாள் பயணம் என்றால் தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டாம் நாளில் வையுங்கள், தள்ளிப்போனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். கொலம்பியாவில் 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பல பண்டிகை விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த நீண்ட வாரக்கடைசிக்கு 'புவெந்தே' என்று பெயர், பாலம் என்று அர்த்தம். அந்த மூன்று நாளும் போகோத்தா, மெதயீன் கூட்டம் முழுக்க இங்கேதான் இருக்கும், அறை வாடகையும் எகிறும். கொலம்பிய விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

தங்குமிடம் மூன்று வகை. மதிலுக்குள் இருக்கும் செந்த்ரோ, சான் தியேகோ பகுதிகள் அழகானவை, விலையும் அதிகம். மதிலுக்கு வெளியே ஐந்து நிமிட நடையில் ஹெத்செமானி. ஒரு காலத்தில் கைவினைஞர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் வாழ்ந்த பகுதி. இப்போது சுவர் ஓவியமும் சிறு விடுதிகளுமாக இருக்கிறது. அங்கே திரினிதாத் தேவாலய முற்றத்தில் நள்ளிரவு தாண்டியும் பாட்டும் பேச்சும் ஓயாது. தூக்கம் முக்கியம் என்றால் அந்த முற்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அறை பாருங்கள். மூன்றாவது பொக்காகிராந்தே, அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கும் கடற்கரை. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பழைய நகரத்துக்கு ஒவ்வொரு தடவையும் டாக்ஸி வேண்டும், மணலும் சாம்பல் நிறம்தான். சில நாளுக்கு வருபவர் அங்கே தங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால், நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் அறை கட்டிய அமைப்பு நம் செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்கும். ஆனால் தெருப்பக்கம் வராத அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. 'இன்டீரியர்' அறை என்று போட்டிருந்தால் அதுதான். எனக்குக் கிடைத்த அறையில் கதவுக்கு மேல் ஒரு சாண் அகல மரச்சட்டம் மட்டும். காலை மணி ஆறா பத்தா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதிவு செய்யும் முன் 'வெளியே பார்த்த ஜன்னல் இருக்கிறதா' என்று எழுதிக் கேளுங்கள். பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். கொலம்பியாவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு அறை வாடகைமேல் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலக்கு உண்டு, பாஸ்போர்ட்டில் சுற்றுலா நுழைவு முத்திரையைக் காட்டினால் போதும். நான் முன்பதிவுத் தளத்தில் வரியோடு சேர்த்து முன்பணம் கட்டிவிட்டேன். விடுதியில் கேட்டபோது 'வாங்கியவர்களிடம் கேளுங்கள்' என்றார்கள், வாங்கியவர்கள் 'விடுதியில் கேளுங்கள்' என்றார்கள். 84 டாலர் போனது. இன்னொரு சின்ன விஷயம், அங்கே மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கப் பிளக். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்கள் 220 வோல்ட் கெட்டிலை எடுத்துப் போனால் தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆகும்.

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பழைய நகரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள் டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது, பகுதிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். வெளியே வந்ததும் டாக்ஸி நிற்கும் இடத்தில் போகும் பகுதியைச் சொன்னால் கட்டணம் அச்சிட்ட சீட்டு தருவார்கள். அதை வாங்கி ஓட்டுநரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். ஊருக்குள் கைகாட்டி ஏறும்போது, கதவைத் திறப்பதற்கு முன் விலை பேசுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டால் விலை வேறு. செயலி மூலம் வண்டி கூப்பிடுகிறவர்கள் அங்கே இன்டிரைவ் அதிகம் பயன்படுத்துகிறார்கள். நாமே விலை சொல்லலாம் என்பதால் எவ்வளவு நியாயம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பணம்தான் முதல் நாள் முழுக்கக் குழப்பியது. சமீப ஆண்டுகளில் ஒரு டாலர் ஏறக்குறைய 4,000 பெசோ. மூன்று சைபரை வெட்டிவிட்டு நாலால் வகுத்தால் டாலர் வந்துவிடும். 60,000 என்றால் 15 டாலர். இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. பெசோவுக்கும் டாலருக்கும் குறி ஒன்றுதான், அதனால் பட்டியலில் அந்தக் குறி போட்டு 35,000 என்று பார்த்ததும் நெஞ்சு திக்கென்றாகும். அடுத்தது, பேச்சில் 'ஆயிரத்தை' விழுங்கிவிடுவார்கள். 'இருபது' என்றால் இருபதாயிரம். புது நோட்டுகளிலும் 20 என்று பெரிதாகப் போட்டு 'மில்' என்று எழுத்தில் இருக்கும், சைபர்கள் இருக்காது. மூன்றாவதில்தான் நான் விழுந்தேன். ஸ்பானிஷில் அறுபது 'செசெந்தா', எழுபது 'செதெந்தா'. கடற்கரைக் காற்றில் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். போனில் கால்குலேட்டரைத் திறந்து நீட்டி, அவர்களையே எண்ணைத் தட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் அது பழக்கம்தான்.

ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால் 'உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றித் தரட்டுமா' என்று ஒரு விகிதத்தைக் காட்டும். 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். அழுத்தினால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்று பயந்து 'சரி' கொடுத்துவிட்டேன். ரத்தாகாது, உங்கள் வங்கியின் விகிதத்தில் பணம் வரும். அந்த ஒரு பொத்தானுக்கு 15 டாலர். தெருவில் நல்ல விகிதம் என்று கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் நிற்கவே வேண்டாம்.

பகல் பதினொன்றிலிருந்து மூன்றுவரை வெயிலும் புழுக்கமும் சென்னை மே மாதம்தான். அதனால் நாளை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்: காலை எட்டு முதல் பத்தரை, மாலை நாலரைக்கு மேல். சான் ஃபெலிப்பே தே பராஹாஸ் கோட்டையைக் காலையில் முதலில் முடித்துவிடுங்கள், மேலே நிழலே கிடையாது. ஹெத்செமானியிலிருந்து பாலம் தாண்டி நடந்தே போகலாம். கோட்டை கடலைப் பார்த்துக் கட்டியதில்லை, நிலவழியாக நகரத்துக்குள் வருகிறவனை மறிக்கக் குன்றின்மேல் கட்டியது. கல்லைக் கிட்டத்தில் பார்த்தால் துளைதுளையாக, மூளை மடிப்பு மாதிரி இருக்கும். கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப்பாறை. உள்ளே குனிந்து போகிற சுரங்கங்கள் இருக்கின்றன, ஒரு முனையில் கிசுகிசுத்தால் மறுமுனைவரை கேட்கும். 1741-ல் எட்வர்ட் வெர்னன் என்ற ஆங்கிலேயத் தளபதி 180-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்து இந்த நகரத்தை முற்றுகையிட்டார். எதிரே ஆறு போர்க்கப்பலோடு நின்றவர் ப்ளாஸ் தே லெசோ, ஒரு கால், ஒரு கண் இழந்து, ஒரு கையும் விளங்காத ஸ்பானியத் தளபதி. ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏணிகள் கோட்டைச் சுவரை எட்டவில்லை. வெற்றி உறுதி என்று நம்பி இங்கிலாந்தில் லெசோ மண்டியிட்ட மாதிரி பதக்கம்கூட அடித்துவிட்டார்கள்! குண்டில் செத்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சலிலும் மற்ற நோய்களிலும் செத்த ஆங்கிலேயரே அதிகம். இந்தக் காய்ச்சல் கடைசியில் எனக்கும் வேலை வைத்தது.

மதிலுக்குள் பார்க்க வேண்டியதைப் பட்டியல் போடப் போவதில்லை, நடந்தால் தானாக வரும். மணிக்கூண்டு வாசலில் நுழைந்ததும் இருக்கும் முக்கோணச் சதுக்கம், வண்டிகளின் சதுக்கம், ஒரு காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற சந்தை. அதே சதுக்கத்தின் வளைவுகளுக்குக் கீழே இன்று கண்ணாடிச் சாடிகளில் மிட்டாய் விற்கிறார்கள். கொக்காதா என்கிற தேங்காய் மிட்டாய், சர்க்கரை பிரட்டிய புளி உருண்டை. ஒரு நிமிடம் எந்த ஊரில் நிற்கிறோம் என்று மறந்துபோகும். நாலு தெரு தள்ளி சான் பெத்ரோ கிளாவர் தேவாலயம். அடிமைக் கப்பல்கள் வந்ததும் இறங்கிப்போய் நோயாளிகளைக் கவனித்த இந்த ஏசு சபைத் துறவி 1654-ல் இறந்தார். அவர் எலும்புக்கூடு பீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. 1984-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. மாலையில் மதில்மேல் இருக்கிற மதுக்கடை மேசைக்குப் பணம் கொடுக்க வேண்டாம், இருபது அடி தள்ளி மதில்மேலேயே உட்காருங்கள். சூரியன் அதே சூரியன், இலவசம்.

தெருவில் வண்ணப் பாவாடையும் தலையில் பழக்கூடையுமாக நிற்கும் பெண்களைப் பலெங்கேரா என்பார்கள். பல பேருக்குப் பூர்வீகம் சான் பசீலியோ தே பலெங்கே, தப்பி ஓடிய அடிமைகள் தாங்களே உருவாக்கிய ஊர். படம் எடுப்பது அவர்களுக்குத் தொழில். தூரத்திலிருந்து திருட்டுத்தனமாகப் போனை நீட்டாதீர்கள். கிட்டே போய், 'எத்தனை படம், எவ்வளவு' என்று கேட்டுக் கொடுத்துவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டு, பிறகு அவர்கள் கேட்கும் தொகைக்கு முகம் சுளிப்பது நம் தப்பு. இன்னொரு கூட்டம், சின்ன ஒலிபெருக்கியோடு பின்னாலேயே வந்து உங்கள் சட்டை, தொப்பியை வைத்து ராப் பாடும் பையன்கள். சிரித்துவிட்டால் பாட்டு முடிவதற்குள் கட்டணம் வந்துவிடும். முதல் வரியிலேயே 'நோ, கிராசியாஸ்' சொல்லி நடையைக் கட்டினால் விட்டுவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அங்கேதான் பணம் மிச்சமும் ஆனது. மதிலுக்குள் சதுக்கத்தைப் பார்த்த உணவகங்களில் ஒரு வேளைக்கு ஆகும் காசில், மதியம் 'மெனு தெல் தியா' போடும் சாதாரணக் கடைகளில் மூன்று வேளை சாப்பிடலாம்: சூப், சோறு, ஒரு மீன் அல்லது கறி, வாழைக்காய், ஜூஸ். தேங்காய்ச் சோற்றைத் தவறவிடாதீர்கள். தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து கசடு பழுப்பாகப் பொரியும் பதம்வரை விட்டு, அதில் அரிசியும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு வேகவைக்கிறார்கள். அந்தப் பழுப்புக் கசடுக்குத் தித்தோத்தே என்று பெயர். வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சியவர்களுக்கு அந்த மணம் சொல்லாமலே தெரியும். காலையில் தெருவோரம் அரேப்பா தே வேவோ: சோளமாவு வட்டையை எண்ணெயில் போட்டு உப்பவிட்டு எடுத்து, ஓரத்தில் கத்தியால் கீறி, உள்ளே பச்சை முட்டையை ஊற்றி, கீறலை மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில் விடுவார்கள். உங்கள் கண்முன் இரண்டாம் முறை பொரிப்பதை வாங்குங்கள். ஏற்கெனவே பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியது ரப்பர்.

சைவர்கள் 'வெஹெத்தாரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது, மாட்டிறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கோழி வந்து சேரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று கறி, கோழி, மீன், பன்றி நாலையும் தனித்தனியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரைக்குழம்பில் பன்றிக் கொழுப்பும், சூப்பில் எலும்பு வேகவைத்த தண்ணீரும் இருக்கக்கூடும். பயமில்லாதவை: தட்டி இரண்டு தடவை பொரித்த வாழைக்காய் பத்தகோன், அதன்மேல் உப்புப் பாலாடைக்கட்டி, தேங்காய் லெமனேட், தெருவில் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தரும் மாங்காய்க் கீற்று. பில்லில் 10 சதவீதம் சேவைக்கட்டணம் கட்டாயமில்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், சேவை மோசம் என்றால் தயங்காமல் வேண்டாம் எனலாம்.

இனி கடல். கார்த்தஹேனா நகரக் கடற்கரையில் நீலத் தண்ணீரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 1650-ல் ஸ்பானியர்கள் மக்தலேனா ஆற்றிலிருந்து வெட்டிய தீக்கே கால்வாய் இந்த விரிகுடாவில் வந்து விழுகிறது. நாட்டின் பாதிச் சேறு அதில்தான் வருகிறதோ என்று தோன்றும். தெளிந்த நீர் வேண்டுமென்றால் ரோசாரியோ தீவுகளுக்கோ, பாரூவில் இருக்கும் ப்ளாயா ப்ளாங்கா கடற்கரைக்கோ போக வேண்டும். மணிக்கூண்டுக்குப் பக்கத்து லா போதெகீத்தா படகுத்துறையிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

தெருவில் ஒருவர் 'எல்லாம் சேர்த்து' என்று விற்ற சீட்டோடு காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். முதலில் துறைமுகக் கட்டணம். அது எந்தச் சீட்டிலும் சேராது, துறையிலேயே தனியாக ரொக்கமாகக் கட்ட வேண்டும். படகு கிளம்பியது ஒன்பதரைக்கு. முன்பக்கம் காட்சி நன்றாகத் தெரியும் என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் படகின் மூக்கு ஒவ்வொரு அலையிலும் ஒரு முழம் எழும்பித் தடாலென்று விழுந்தது, மூன்று நாளைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்வரிசையில், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே நனைவீர்கள், ஆனால் குலுங்க மாட்டீர்கள். போன், பாஸ்போர்ட் நகல், துண்டு எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். வழியில் ஒரு தீவில் மீன் காட்சியகத்தில் நிறுத்துவார்கள், அதற்கும் தனி நுழைவுக்கட்டணம். போகாதவர்கள் ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டும். மதியத்துக்குமேல் காற்று கூடிவிடும் என்பதால் இரண்டரை, மூன்றுக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் மணலில் கால் வைத்தது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மசாஜ். நாற்காலியில் சாய்ந்த நிமிடமே தோளில் எண்ணெய்க் கை விழுந்தது. 'ப்ருவேபா, ப்ருவேபா' என்றார் அந்த அம்மா, சும்மா மாதிரி பார்க்கத்தான் என்று அர்த்தம். படகில் அடிவாங்கிய இடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் இன்னொரு பெண் காலைப் பிடித்தாள். நடுவில் ஒருவர் எலுமிச்சை பிழிந்த சிப்பியைக் கையில் வைத்து 'ரெகாலோ' என்றார், பரிசாம். இரண்டாவது, மூன்றாவது பரிசும் வந்தது. முடிவில் மசாஜ் ஒருவருக்கு இவ்வளவு, இரண்டு பேர், சிப்பி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூட்டி 2,80,000 பெசோ. சத்தம் போட்டு, கூட்டம் கூடி, 2,00,000-க்கு முடிந்தது. ஐம்பது டாலரைவிட அவமானம்தான் அதிகம் உறுத்தியது. அங்கே வாயில் வைப்பதோ உடம்பில் படுவதோ எதுவும் இலவசமில்லை. கை பட்டவுடன் எழுந்து நில்லுங்கள். மசாஜ் வேண்டும் என்றால் 'குவாந்தோ எஸ் தோதோ', எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்பதைப் பேசி முடித்த பிறகு படுங்கள். குடைக்கும் நாற்காலிக்கும் இதே விதி. மீன் சொல்லும் முன் விலை போட்ட அட்டையைக் கேளுங்கள், அட்டை இல்லை என்றால் பக்கத்துக் கடை. முடிந்தால் தீவிலேயே ஓர் இரவு தங்குங்கள் என்பேன். மூன்று மணிக்குப் படகுகள் போன பிறகு அதே கடற்கரை வேறு கடற்கரை.

பாதுகாப்புக்குக் கொலம்பியர்களே ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள்: 'நோ தார் பாபாயா', பப்பாளி கொடுக்காதே. கண்ணில் படும்படி வைத்த பப்பாளியை எவனும் வெட்டத்தான் செய்வான் என்று கருத்து. மேசைமேல் போனை வைக்காதீர்கள், தெரியாதவர் தந்த பானத்தைக் குடிக்காதீர்கள், இரவில் ஆளில்லாத தெருவில் குறுக்குவழி தேடாதீர்கள். தெருவில் மரகதம் விற்பவரிடம் வாங்கினால் பச்சைக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு. அவசர எண் 123.

இப்போது அந்தக் கடைசி விஷயம். ஞாயிறு மாலை கார்த்தஹேனாவிலிருந்து கிளம்பினேன். செவ்வாய் இரவு சென்னைக்கு விமானம், வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். திங்கள் இரவு பேச்சுவாக்கில் ஒரு நண்பர், 'கொலம்பியாவா? மஞ்சள் காய்ச்சல் கார்டு இருக்கா?' என்றார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியல் ஒன்றை இந்தியா வைத்திருக்கிறது, கொலம்பியா அதில் உண்டு. அந்த நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள், தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நடுவில் அமெரிக்காவில் இரண்டு நாள் இருந்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. கார்த்தஹேனா நகரத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பொதுவாக இந்த ஊசியைப் பரிந்துரைப்பதில்லை, அதனால் அங்கே யாரும் நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். இந்தியா நகரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டைத்தான் பார்க்கிறது. அன்றைக்கே ஊசி போட்டாலும் பயனில்லை, போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுளுக்கும் செல்லும். ஊசியும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அதற்கென்று அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள், அவர்கள் தரும் மஞ்சள் கார்டுதான் சான்று. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள், அல்லது கொலம்பியாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.

நான் இரண்டையும் முன்பே யோசிக்கவில்லை. விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட 340 டாலர். போனில் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை, 'சரிடா, பாத்து வா' என்று வைத்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை சென்னையில் இறங்கினேன். கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, கொலம்பிய முத்திரையில் நிறுத்தி, விரல்விட்டு எண்ணினார். 'எட்டு நாள் ஆயிடுச்சு சார், போங்க' என்றார். அக்கா வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.